கிராஸ் ஸ்டிச்சுக்கு எந்தத் துணி? தோடர் சால்வையில் இருந்து மேட்டித் துணி வரை

பொள்ளாச்சிப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளின் முன்னறையில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கும். உள்ளே இரண்டு கிளிகள், நடுவில் ஒரு ரோஜாக் கொத்து, கீழே ஆங்கிலத்தில் ‘வெல்கம்’. அந்த வீட்டுப் பெரியம்மாவோ அத்தையோ பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் போட்டது என்று சொல்வார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பல சட்டங்களில் ஒரு வேடிக்கை தெரியும். கிளி கழுத்து நீண்டு கொக்கு மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் குண்டாகி வாத்து மாதிரி இருக்கும். போட்டவர் எண்ணியதில் தப்பே இருக்காது. புத்தகத்துப் படத்தில் எத்தனை கட்டமோ, துணியிலும் சரியாக அத்தனை தையல்தான். தப்பு கையில் இல்லை, துணியில்!

கிராஸ் ஸ்டிச்சுக்குத் துணி தேர்ந்தெடுப்பது என்றால் கடையில் நிறம் பார்த்து, விலை கேட்டு வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான ஒரு பக்கம் பொள்ளாச்சியில் இருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், நீலகிரி மலை மேல் இருக்கிறது. இன்னொரு பக்கம் கோயமுத்தூர் மில்களில் இருக்கிறது. இந்த இரண்டையும் பொதுவாக யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

கிளி ஏன் கொக்கு ஆனது?

முதலில் கொஞ்சம் கணக்கு. எம்பிராய்டரியில் இரண்டு பெரிய ஜாதி உண்டு. ஒன்று, துணியில் பென்சிலால் படம் வரைந்து அதன் மேல் தைப்பது. பூ, கொடி எல்லாம் வளைந்து வளைந்து போகும் வேலை அது. அதற்குப் பாப்ளின், ஆர்கண்டி, பட்டு என்று எந்தத் துணியும் ஆகும். இன்னொன்று, படமே வரையாமல் துணியின் இழைகளை எண்ணித் தைப்பது. கிராஸ் ஸ்டிச் இந்த இரண்டாவது ஜாதி. ஒவ்வொரு தையலும் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பாவில் (நீளவாட்டு இழை) இரண்டு, ஊடையில் (குறுக்குவாட்டு இழை) இரண்டு என்று எண்ணி ஒரு பெருக்கல் குறி போட்டால், அடுத்ததற்கும் அதே இரண்டு, இரண்டு. அப்படியே போகவேண்டும்.

இப்போது ஒரு துணியில் ஓர் அங்குலத்துக்குப் பாவு 30 இழை, ஊடை 24 இழை என்று வைத்துக்கொள்வோம். படம் 60 கட்டம் அகலம், 60 கட்டம் உயரம். சரியான சதுரம். துணியில் போட்டால்? அகலம்: 60 தையல், தையலுக்கு 2 இழை, மொத்தம் 120 இழை. 120ஐ 30-ஆல் வகுத்தால் 4 அங்குலம். உயரம்: அதே 120 இழை, ஆனால் 24-ஆல் வகுக்க வேண்டும். 5 அங்குலம். நாலுக்கு நாலாக வரவேண்டிய கிளி நாலுக்கு ஐந்தாக நீண்டுவிட்டது. அதே துணியைக் கால் சுற்று திருப்பி வைத்துத் தைத்தால் ஐந்துக்கு நாலு. வாத்து.

சாதாரணத் துணிகளில் பாவும் ஊடையும் ஏன் சமமாக இருப்பதில்லை? இது நெசவுத் தொழிலின் பொருளாதாரம். பாவு இழைகள் தறியில் ஒருமுறை ஏற்றியாகிவிட்டது. சீப்பு மாதிரியான ஒரு பாகம் அவற்றைச் சரியான இடைவெளியில் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் நாடா ஒருமுறை ஓடவேண்டும். அங்குலத்துக்கு 30 ஊடை போடுவதற்குப் பதில் 24 போட்டால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். அதே ஒரு நாளில் கூடுதல் மீட்டர் துணி இறங்கும். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சட்டைக்கும் பாவாடைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எண்ணித் தைக்கிறவருக்கு மட்டும்தான் அந்த 6 இழை தலைவலி.

ஆக, கிராஸ் ஸ்டிச் துணிக்கு நிபந்தனை மூன்று. இழை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியவேண்டும். பாவும் ஊடையும் ஒரே எண்ணிக்கையில் இருக்கவேண்டும். இழையின் பருமன் எங்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து அமைந்த துணியை யாரும் வேறு காரணத்துக்காக நெய்வது அபூர்வம். இந்தத் தையலின் சரித்திரம் முழுவதும் அப்படி ஒரு துணியைத் தேடிய கதைதான்.

ஐரோப்பாவில் நடந்தது சுருக்கமாக

ஐரோப்பாவில் அந்தத் துணி நெடுங்காலம் லினன். ஆளி நாரில் நெய்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஜேன் போஸ்டாக் என்பவர் 1598-ல் போட்ட மாதிரித் துணி ஒன்று இருக்கிறது. தேதி போட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் அதுதான் பழையது. அதுவும் லினன் மேல்தான். சிறு பெண்கள் எழுத்தும் எண்ணும் பழகிக்கொண்டதே இப்படி மாதிரித் துணிகளில் தைத்துத்தான்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்து அச்சகக்காரர்கள் கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டிய படங்களை விற்க ஆரம்பித்தார்கள். ஒரு கட்டம் ஒரு தையல். படம் வரையத் தெரியாதவர்களும் இனி ரோஜாவும் நாய்க்குட்டியும் போடலாம். நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் மத்தியில் இது பைத்தியமாகப் பரவியது. தாளில் கட்டம் வந்த பிறகு துணியிலும் கட்டம் வேண்டும் என்ற கேட்பு வராமல் இருக்குமா? 1890 வாக்கில் ஜெர்மனியின் ஸ்வைகார்ட் நிறுவனம் ‘அய்டா’ என்ற துணியைக் கொண்டுவந்தது. இழைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து நெய்து, ஒவ்வொரு சின்னச் சதுரத்தின் நாலு மூலையிலும் ஊசி நுழைய ஓட்டை விட்ட துணி. அதற்குப் பிறகு இழை எண்ண வேண்டியதில்லை, சதுரம் எண்ணினால் போதும். 11, 14, 16, 18 என்று அய்டாவுக்குச் சொல்லும் எண் ஓர் அங்குலத்தில் உள்ள சதுரங்களின் எண்ணிக்கை. 14 என்றால் 140 தையல் அகலப் படம் 10 அங்குலம் வரும்.

1886-ல் தெரேஸ் டி டில்மான் எழுதிய தையல் கலைக் களஞ்சியம் இதே காலத்தது. 1746-ல் மூல்ஹவுஸ் நகரத்தில் தொடங்கிய டி.எம்.சி. நூல் கம்பெனியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த புத்தகம் பல மொழிகளில் உலகம் சுற்றியது. நூல், துணி, புத்தகம் மூன்றும் ஒன்றை ஒன்று விற்றுக்கொடுத்தன. (மார்க்கெட்டிங் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!)

மலை மேல் ஒரு வேறு விடை

நீலகிரியில் தோடர்கள் இந்தப் பிரச்சினைக்கு வேறு விடை கண்டிருந்தார்கள். ஜெர்மானிய அய்டா எல்லாம் அவர்கள் பக்கம் வரவேயில்லை.

தோடர்கள் எருமை வளர்க்கிற மக்கள். 2011 கணக்கெடுப்பில் சுமார் 2,000 பேர்தான். அவர்கள் வசிக்கும் சிற்றூருக்கு ‘மந்து’ என்று பெயர். ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்கிற போர்வைக்கு ‘பூத்துக்குளி’ என்று பெயர். வெள்ளை, அல்லது பழுப்பு கலந்த வெள்ளைப் பருத்தித் துணி. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் தறியிலேயே நெய்து வரும். அந்தப் பட்டைகளை ஒட்டியும் இடையிலும் தோடர் பெண்கள் சிவப்பு, கறுப்பு கம்பளி நூலால் பூத்தையல் போடுவார்கள். எருமைக் கொம்பு, பூ, மலை என்று எல்லாமே நேர்கோட்டிலும் முக்கோணத்திலும் சாய்சதுரத்திலும்தான். வளைவே கிடையாது. தைக்கும்போது சட்டம் கிடையாது, துணியில் முன்கூட்டி வரைவதும் கிடையாது. துணியை மடியில் போட்டு, இழையை எண்ணி எண்ணி ஊசி போகும்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தோடர் தையல் கிராஸ் ஸ்டிச் அல்ல. பெருக்கல் குறி இல்லை. கிழிந்த இடத்தை இழை ஓட்டி அடைப்பது போல, ஊசி துணியின் இழைகளுக்கு இணையாக மேலும் கீழும் ஓடும். பார்ப்பதற்கு நெய்தது போலவே இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் தறியில் போட்ட டிசைன் என்றே நினைப்பார்கள். ஆனால் துணி விஷயத்தில் கிராஸ் ஸ்டிச்சுக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான் இதற்கும். இழை எண்ண முடியாவிட்டால் தையல் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, தோடர்கள் நெய்பவர்கள் அல்ல. நீலகிரியின் பழைய பண்டமாற்றில் எல்லாம் உண்டு. தோடரிடம் நெய், கோத்தரிடம் பானையும் இரும்புக் கருவியும் இசையும், படகரிடம் தானியம், குறும்பரிடம் காட்டுப் பொருள். துணி மட்டும் அந்த வட்டத்துக்குள் இல்லை. அது மலைக்குக் கீழே சமவெளியில் இருந்து வியாபாரிகள் மூலம் மேலே ஏறவேண்டும். தங்கள் சாவுச் சடங்கில் இறந்தவரின் உடலைச் சுற்றுவதற்குப் பூத்தையல் போட்ட புதுப் பூத்துக்குளி வேண்டும் என்று வைத்திருக்கிற ஒரு சமூகம், அந்தத் துணிக்கு முழுக்க முழுக்க அடுத்தவர் தறியை நம்பியிருந்தது. வந்த துணியில் சிலதை எடுத்து, சிலதைத் தள்ளி, தங்கள் தையலுக்குத் தோதான முரட்டுத் துணியை அவர்கள் நிலைநிறுத்திக்கொண்டார்கள்.

அந்தத் துணி ஏன் முரடாக இருக்கவேண்டும்? கம்பளி நூல் தடிமனானது. நெருக்கி நெய்த மெல்லிய துணியில் அதை ஓட்டினால் துணி சுருங்கி இழுத்துக்கொள்ளும். தளர்வான, தடித்த இழைத் துணியில் கம்பளி நூல் இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். தோடர் பெண்கள் துணியின் பின்பக்கம் இருந்து எண்ணித் தைக்கிறார்கள். தைக்கும்போது நூலை முழுக்க இறுக்காமல், வேண்டுமென்றே சின்னதாக ஒரு புடைப்பு விடுவார்கள். அதனால்தான் தோடர் சால்வையைத் தடவிப் பார்த்தால் மேடு பள்ளமாக இருக்கும். இரண்டு பக்கமும் போர்த்தலாம் என்பது அவர்களுடைய பெருமை. மெல்லிய மல் துணியில் இது எதுவுமே நடக்காது. பின்பக்கத்து முடிச்சு முன்பக்கம் தெரியும், புடைப்பு விட்டால் துணி தொங்கிவிடும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-1902-ல் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906-ல் எழுதிய பெரிய புத்தகம் இன்றைக்கும் இந்த மக்களைப் பற்றிய அடிப்படை நூல். அதற்குப் பின் எத்தனையோ மானிடவியல் ஆராய்ச்சிகள் வந்துவிட்டன. சடங்கு, உறவுமுறை, எருமை, பாட்டு எல்லாம் விரிவாக வந்திருக்கிறது. துணியை நெய்தவர்கள் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு வரவில்லை. சால்வை என்றதும் எல்லாருடைய கண்ணும் சிவப்பு கறுப்புத் தையலுக்குப் போய்விடுகிறது. அடியில் இருக்கும் வெள்ளையை யாரும் பார்ப்பதில்லை.

மலைக்குக் கீழே: மெலிந்துகொண்டே போன நூல்

இனி கீழே இறங்கலாம். நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்துதான் இருந்தது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி, அடுத்த சில ஆண்டுகளில் சிறுமுகையில் இருந்து கோத்தகிரிக்குப் பாதை போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். பாதை போட்டபின் மேலே ஏறிய சாமான்களில் துணியும் ஒன்று.

அன்றைய கோவை ஜில்லாவின் பருத்தி எது? உப்பம், நாடன் பருத்தி இரண்டும்தான் பெயர் பெற்றவை. இரண்டும் குட்டை இழைப் பருத்தி. குட்டை இழையில் மெல்லிய நூல் நூற்றால் அறுந்துவிடும், தடித்த நூல்தான் வரும். தடித்த நூலில் முரட்டுத் துணிதான் நெய்யலாம். இன்றைய பருத்தி வியாபாரி இதைக் குறை என்பார். எண்ணித் தைக்கிறவருக்கு இது வரப்பிரசாதம்!

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தது. நீளமான இழை. கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனத்துக்கு அது நன்றாக ஒத்துக்கொண்டது. 1930-களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்ததும் மில்கள் வரிசையாக எழுந்தன. (பைகாரா இருப்பது தோடர்களின் பூமியில். அவர்கள் மலைத் தண்ணீர் கீழே வந்து மில் ஓட்டியது, மில் ஊரின் துணி மேலே போனது.) பிறகு 1956-ல் சிட்ரா ஆராய்ச்சி நிறுவனம். 1968-ல் எம்.சி.யு. 5 ரகப் பருத்தி. எம்.சி.யு. என்பது மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்ற மூன்று பெயர்களின் முதல் எழுத்து. 1974-ல் கோவையிலேயே உருவான சுவின், இந்தியாவின் மிக நீள இழைப் பருத்தி என்று பெயர் வாங்கியது. அதில் 100-ஆம் நம்பருக்கும் மேலே நூல் நூற்கலாம்.

நூல் நம்பர் என்பதை இங்கே விளக்கிவிடுவது நல்லது. 840 கெஜம் நீளம் கொண்ட நூல் கழி எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுதான் நம்பர். 20-ஆம் நம்பர் என்றால் 20 கழி ஒரு பவுண்டு. 100-ஆம் நம்பர் என்றால் 100 கழி சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது, விலையும் கூடியது.

கோவையின் பருத்திச் சரித்திரம் முழுவதும் இந்த நம்பரை ஏற்றிய சரித்திரம். அதில் தப்பில்லை. ஊரே அதனால்தான் பிழைத்தது. ஆனால் ‘நல்ல துணி என்றால் மெல்லிய துணி’ என்ற எண்ணமும் கூடவே ஊரின் ரத்தத்தில் ஊறிவிட்டது. கிராஸ் ஸ்டிச் பழக ஆரம்பிக்கிற பெண் கடைக்குப் போய் “நல்ல காட்டன் துணி கொடுங்க” என்று கேட்டால், கடைக்காரர் நல்ல மனதோடுதான் நெருக்கமான பாப்ளினை எடுத்துப் போடுவார். அங்கே ஆரம்பிக்கிறது கொக்கும் வாத்தும்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்து நெகமத்தையே எடுத்துக்கொள்ளலாம். நெகமம் காட்டன் சேலைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர், புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கட்டம் போட்ட சேலை. ‘கட்டம்தான் இருக்கிறதே, கிராஸ் ஸ்டிச் போடலாமே’ என்று தோன்றும். அந்தக் கட்டம் நிறத்தால் வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நெருக்கமாக எத்தனையோ இழை. சேலை உடம்பில் விழும் அழகுக்காக நெய்த துணி அது, எண்ணுவதற்காக அல்ல. ஆனால் நிறக் கட்டத்தையே அளவாக வைத்துத் தைக்கிற வழி ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடச் சீருடைக்கு வரும் சின்னக் கட்டத் துணியில், அங்குலத்துக்கு 8 கட்டம் இருந்தால், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. இழையே எண்ணவேண்டாம். மிச்சமான சீருடைத் துணியில் மேஜை விரிப்பு போட்டவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அய்டாவின் தத்துவத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் கதர் ஆகுமா என்று கேட்கலாம். 1920-களில் திருப்பூர் கதருக்குப் பெரிய மையமாக இருந்தது. கதர் முரடுதான், இழையும் தெரியும். ஆனால் மூன்றாவது நிபந்தனையில் தோற்றுவிடும். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். அதுதான் கதரின் அழகு. அதே அழகு கிராஸ் ஸ்டிச்சில் ஒரு தையல் பெரிது, அடுத்தது சிறிது என்று ஆகிவிடும். பழைய முரட்டுத் துணிகள் எல்லாமே உத்தமம் என்று எண்ணிவிடவும் கூடாது. மில் வந்தபின்தான் தடித்த நூலும் ஒரே சீராக வந்தது. விசைத்தறி வந்தபின்தான் ஊடை எண்ணிக்கை நெய்பவரின் கைவேகத்தை விட்டு விலகி, பல்சக்கரத்தால் நிர்ணயிக்கப்பட்டது. இந்த விஷயத்தில் மெஷினுக்குக் கொஞ்சம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இன்றைக்கும் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஓ.இ. மில்கள் என்று ஒரு தனி ரகம் இருக்கிறது. பெரிய மில்களின் கழிவுப் பஞ்சையும், பனியன் கம்பெனி வெட்டுத் துணியைப் பிரித்தெடுத்த பஞ்சையும் வைத்துத் தடித்த நூல் நூற்கிற மில்கள். கையுறை, மிதியடி, போர்வை என்று போகும் நூல் அது. ‘குறைந்த நம்பர்’ என்று தொழிலில் இரண்டாம் இடம்தான். எண்ணித் தைக்கும் துணிக்கு வேண்டிய தடிமன் அந்தக் குறைந்த நம்பரில்தான் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

தார்வாடில் கண்ட குறுக்கு வழி

கர்நாடகத்தின் தார்வாட் பக்கத்துக் கசூத்தித் தையலும் எண்ணித் தைப்பதுதான். அதில் நாலு வகைத் தையல் உண்டு: கவந்தி, முர்கி, நேகி, மெந்தி. மெந்தி என்றால் வெந்தயம். இந்த நாலில் மெந்திதான் கிராஸ் ஸ்டிச். இல்கல் சேலையின் மேல், ஒரு கோடு கூடப் போடாமல் கோபுரம், தேர், யானை என்று கட்டிவிடுவார்கள். துணி மெல்லியதாகிவிட்டால்? மேலே தளர்வான வலைத் துணி ஒன்றைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துத் தைத்துவிட்டு, தைத்து முடிந்ததும் வலைத் துணியின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவார்கள். தையல் மட்டும் சேலையில் நிற்கும். பட்டு ஜாக்கெட்டில் கிராஸ் ஸ்டிச் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடச் சரியான வழி இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நூலை இறுக்கித் தைத்தால் உருவும்போது இழை வராது.

மேட்டித் துணி

தமிழ்நாட்டுக் கடைகளில் கிராஸ் ஸ்டிச் துணி என்றால் மேட்டித் துணிதான். அய்டா இப்போது ஆன்லைனில் தாராளமாகக் கிடைத்தாலும், தையல் வகுப்புகளில் மேட்டிதான் ராஜா. சாதாரணத் துணியில் ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே. மேட்டியில் இரண்டு இரண்டு இழை ஜோடியாக மேலும் கீழும் போகும். பாய் முடைவது போல. அதனால்தான் சின்னச் சின்னச் சதுரம் கண்ணுக்குத் தெரிகிறது. அய்டாவில் உள்ள தெளிவான ஓட்டை மட்டும் இதில் இல்லை.

மேட்டியிலும் நல்லதும் கெட்டதும் உண்டு. கடையில் விரல் தடவிப் பார்த்து மொறுமொறுப்பாக இருந்தால் நல்ல துணி என்று நினைத்துவிடக் கூடாது. அது கஞ்சியாக இருக்கலாம். மூலையைச் சற்றுக் கசக்கினால் மாவு உதிரும். துவைத்தால் கஞ்சி போய், சதுரங்கள் சாய்ந்து வைரம் போல ஆகிவிடும். ஒரு குண்டூசியும் ஒரு ஸ்கேலும் கொண்டுபோய், நீளவாட்டில் 2 அங்குலம், குறுக்குவாட்டில் 2 அங்குலம் சதுரம் எண்ணிப் பார்ப்பதுதான் ஒரே நிச்சயமான வழி. இரண்டும் ஒன்றாக இருந்தால் வாங்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

வாங்கியதும் தைக்க உட்காராமல் ஒருமுறை நனைத்துக் காயவைப்பது மிக முக்கியம். தறியில் பாவு இழை இழுத்துப் பிடிக்கப்பட்டே இருக்கும். தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து சுருங்கும். ஊடையைவிடப் பாவு அதிகம் சுருங்குவது வழக்கம். கடையில் எண்ணும்போது சதுரமாக இருந்த துணி முதல் துவைப்பில் சதுரம் இழந்துவிடலாம். தைப்பதற்கு முன்னால் அது நடந்துவிட்டால் நல்லது. மூன்று மாதம் தைத்தபின் நடந்தால் கண்ணீர்தான்.

அளவைப் பொறுத்தவரை ஆரம்பிக்கிறவர்கள் அங்குலத்துக்கு 11 சதுரம் உள்ளதில் ஆரம்பிப்பது கண்ணுக்கு நல்லது. 14 எல்லாருக்கும் பொது. 18 அழகாக இருக்கும், ஆனால் அதே 140 தையல் படம் 8 அங்குலத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். குழல் விளக்கு வெளிச்சத்தில் 18-ல் தைப்பது கண்ணுக்குத் தண்டனை. ஆறு இழை நூல் கண்டில் 11-க்கு மூன்று இழை, 14-க்கு இரண்டு இழை பிரித்துத் தைப்பது வழக்கம். ஓரம் நாலு பக்கமும் 3 அங்குலம் விடவேண்டும். சட்டம் போடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

துணிக்குக் குறியீடு இல்லை

2013-ல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மெஷினில் போட்ட போலிச் சால்வைகளுக்கு எதிராகத் தோடர் பெண்கள் காட்டக்கூடிய சட்டப்படியான ஆதாரம் அது. ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பை, பர்ஸ், மேஜை விரிப்பு, மொபைல் உறை என்று இந்தத் தையல் பல உருவம் எடுத்துவிட்டது. அதில் வருகிற வருமானம் பெண்களின் கையில் நேராகச் சேருகிறது என்பதால் இதை வெறும் பாரம்பரியம் என்று ஒதுக்க முடியாது.

போலியைக் கண்டுபிடிக்கவும் துணிதான் உதவும். அச்சடித்ததில் தையல் கோடு இழையோடு சேராது. டிசைனின் ஒரு முக்கோணம் இழையின் நடுவில் ஆரம்பித்து இழையின் நடுவில் முடியும். கையால் எண்ணிப் போட்டதில் ஒவ்வொரு கோடும் ஏதாவது ஓர் இழையில் ஆரம்பித்து, இன்னோர் இழையில்தான் முடியும். வேறு வழியே இல்லை. தறியிலேயே நெய்த போலியைத் திருப்பிப் பார்த்தால், நூல் நீள நீளமாகக் குறுக்கே ஓடியிருக்கும், அல்லது வெட்டி விட்டிருக்கும்.

குறியீடு தையலுக்குத்தான். அடியில் உள்ள முரட்டு வெள்ளைத் துணி இன்றைக்கும் வெளியில் இருந்துதான் மலைக்கு வரவேண்டும். அதை நெய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய ஆர்டர் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு தறிக்கு ஒருமுறை பாவு ஏற்றினால் குறைந்தபட்சம் இத்தனை மீட்டர் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்று கணக்கு இருக்கிறது. வாங்குகிற சமூகம் இரண்டாயிரம் பேர். குறைந்த நம்பர் நூல், தளர்வான நெசவு, சமமான பாவு ஊடை, இடையில் சிவப்பு கறுப்புப் பட்டை. வேறு யாரும் கேட்காத துணி. அங்குலத்துக்கு ஆறு ஊடையைக் குறைத்தால் நெய்கிறவருக்கு லாபம், சட்டைத் துணியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. இந்தத் துணியில் மட்டும், மந்தில் வெயிலில் உட்கார்ந்து ஊசி நுனியால் எண்ணுகிற பாட்டிக்கு முதல் எருமைக் கொம்பிலேயே தெரிந்துவிடும்.